ரொமான்டிக் தோட்டத்துக்கு மஞ்சள் இங்கிலீஷ் ரோஜா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள் ரோஜா வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பூவின் படத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். தோட்டத்தில் அந்தப் பூவை நாம் தனியாகப் பார்ப்பதில்லை. முழுப் புதர், பின்னால் ஒரு சுவரோ வேலியோ, பக்கத்தில் வேறு பூக்கள் என்று எல்லாம் சேர்ந்துதான் கண்ணில் படும். அதனால் கீழே உள்ள பதில்களில் பூவைவிடச் செடியையும் இடத்தையும் பற்றிய பேச்சு கொஞ்சம் அதிகம்.

இங்கிலாந்தில் வளர்வதெல்லாம் இங்கிலீஷ் ரோஜாவா?

இல்லை. ஷ்ராப்ஷயர் மாவட்டத்து ஆல்பிரைட்டன் கிராமத்தில் டேவிட் ஆஸ்டின் (1926–2018) உருவாக்கிய ரோஜா வரிசையைத்தான் அப்படிச் சொல்கிறோம். காலிக்கா, டமாஸ்க் போன்ற பழைய ரோஜாக்களின் நெருக்கமான இதழடுக்கும் வாசனையும் அவருக்குப் பிடித்திருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடும். நவீன ரோஜாக்களோ பல மாதம் விட்டுவிட்டுப் பூக்கும், நிறங்களும் ஏராளம், ஆனால் செடி விறைப்பாக நிற்கும். இரண்டையும் இனக்கலப்பு செய்து நடுவில் ஒரு வழி தேடினார். 1961-இல் வெளிவந்த அவருடைய முதல் ரகமான கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை இளஞ்சிவப்பு, அதுவும் ஒருமுறை பூப்பதுதான். திரும்பத் திரும்பப் பூப்பவை பிறகு வந்தன.

மஞ்சளில் திருப்புமுனை 1983. அந்த வருடம் செல்சி மலர்க்காட்சியில் கிரகாம் தாமஸ் என்ற ரகம் அறிமுகமானது. பழைய ரோஜாக்களைத் தேடித் தேடிச் சேர்த்து, ஹாம்ப்ஷயரில் உள்ள மாட்டிஸ்ஃபான்ட் தோட்டத்தில் நட்டு வைத்த கிரகாம் ஸ்டூவர்ட் தாமஸின் பெயரைத் தாங்கியது அது. வடிவம் பழைய ரோஜாக்களின் கிண்ண வடிவம். நிறம் மட்டும் காலிக்காவிலும் டமாஸ்க்கிலும் இருந்ததே இல்லாத அடர் மஞ்சள். 2009-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு இதைத் தன் புகழ் வரிசையில் சேர்த்தது.

மஞ்சள் ரோஜா நட்புக்கு, காதலுக்குச் சிவப்பு என்கிறார்களே. ரொமான்டிக் தோட்டத்தில் மஞ்சள் சரிவருமா?

அது பூங்கொத்து கொடுப்பவர்களின் கவலை. விக்டோரியா காலத்துப் பூமொழிப் புத்தகங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், மஞ்சள் ரோஜாவுக்குப் பொறாமை, தேய்ந்துவரும் காதல் என்றெல்லாம் பொருள் எழுதி வைத்தன. தோட்டத்தைப் பொறுத்தவரை ரொமான்டிக் என்பது ஒரு பாணி. கோடு போட்ட பாத்திகள் கிடையாது. செடிகள் பாதையின் மேல் கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒன்றின் கிளைக்குள் இன்னொன்று நுழைந்திருக்கும், உட்கார ஒரு இடம் இருக்கும், அங்கே வாசனை எட்டும். இதற்கெல்லாம் மஞ்சள் தடையே இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: மஞ்சள் பார்வையை இழுக்கும் நிறம். எங்கே வைத்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். அதை எவ்வளவு இழுக்க விடுவது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

வெளிர் மஞ்சளா, அடர் மஞ்சளா?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் ரகங்களின் பட்டியலில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பல நிறங்கள் கலந்த தோட்டமென்றால் வெளிர் மஞ்சளை நிறைய நடலாம், அடர் மஞ்சளை ஒரே இடத்தில் ஒரு கூட்டமாக நிறுத்த வேண்டும். அடர் மஞ்சள் புதர்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டால் கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். நடுவில் இருக்கும் நல்ல செடிகள் எதுவும் மனதில் பதியாது.

பெரிய தோட்டக்காரர்கள் மஞ்சளைக் கையாண்ட விதமும் இதைத்தான் காட்டுகிறது. கென்ட் மாவட்டத்து சிசிங்ஹர்ஸ்டில் வீட்டா சாக்வில் வெஸ்ட் தம்பதி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாவற்றையும் சவுத் காட்டேஜ் என்ற வீட்டின் முன்னால் ஒரு தனி அடைப்புக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ரோஜாத் தோட்டம் வேறு, வெள்ளைத் தோட்டம் வேறு. கெர்ட்ரூட் ஜீகில் தன் மன்ஸ்டெட் வுட் வீட்டில் 200 அடி நீளப் பூப்பாத்தி ஒன்றை அமைத்தார். ஒரு முனையில் நீலம், மறுமுனையில் ஊதா, இரு முனைகளிலும் சாம்பல் இலைகளும் வெளிர் மஞ்சளும், நடுவை நெருங்க நெருங்க அடர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஆக, மஞ்சளை யாரும் ஒதுக்கவில்லை. அதற்கென்று ஒரு இடமும் ஒரு வரிசையும் கொடுத்தார்கள்.

அடுத்தது, தோட்டத்துக்கு நீங்கள் எந்த நேரத்தில் போவீர்கள்? வேலை முடிந்து பொழுது சாய்ந்த பிறகுதான் என்றால் வெளிர் மஞ்சளே நல்லது. மங்கலான வெளிச்சத்தில் சிவப்பும் ஊதாவும் இருட்டோடு கரைந்துவிடும், வெளிர் மஞ்சள் கடைசிவரை தெரியும். நடுப்பகல் வெயிலில் நிலைமை தலைகீழ். வெளிர் மஞ்சள் வெறும் வெள்ளையாகத் தெரியும், அடர் மஞ்சள்தான் தாக்குப்பிடிக்கும்.

பின்னணியையும் பாருங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெளிர் மஞ்சள் எடுபடாது. செங்கல் சுவரில் அடர் மஞ்சள் கொஞ்சம் சூடாக இருக்கும், சிலருக்கு அதுவே பிடிக்கும். கருங்கல்லுக்கும் அடர்பச்சை வேலிக்கும் முன்னால் எந்த மஞ்சளும் தோற்காது.

வெளிர் பக்கம் சார்லட், வனெஸ்ஸா பெல், தி பில்கிரிம், இமோஜென். அடர் பக்கம் கிரகாம் தாமஸ், கோல்டன் செலிப்ரேஷன், மோலினியூ, தி போயட்ஸ் வைஃப். டீசிங் ஜார்ஜியா இரண்டுக்கும் நடுவில்: உள்ளிதழ்கள் அடர்ந்தும் வெளியிதழ்கள் வெளுத்தும் ஒரே பூவில் இரண்டு மஞ்சள்.

ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கிறது. எதை வைக்கலாம்?

கோல்டன் செலிப்ரேஷன். 1992-இல் வந்தது, இன்னும் இதை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். பெரிய, ஆழமான கிண்ணப் பூக்கள். புதர் ஏறக்குறைய நாலடி உயரமும் அதே அளவு அகலமுமாக உருண்டு வளரும், கிளைகள் வளைந்து தொங்கும். தனியாக நின்றாலும் நிறைவாக இருக்கும் செடி. கிரகாம் தாமஸ் அப்படியல்ல. அது மேல்நோக்கி ஓடும் சுபாவமுள்ளது. கூட்டத்தில் நன்றாக இருக்கும், தனியாக நின்றால் கால், அதாவது இலையில்லாத அடித்தண்டு, தெரியும்.

அந்த அகலத்துக்கு இடம் இல்லையென்றால் வனெஸ்ஸா பெல். 2017-இல் வந்த ரகம், நிமிர்ந்து வளரும், நடு மட்டும் மஞ்சளாக ஓரம் வெளுத்த சிறு கிண்ணப் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும்.

தொட்டியில் வளருமா?

வளரும், தொட்டி பெரிதாக இருந்தால். வாயும் ஆழமும் 45 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். மோலினியூ கட்டுக்கோப்பாக மூன்றடி அளவில் நிற்கும், விடாமல் பூக்கும், அதனால் அதுதான் முதல் தேர்வு. ரொமான்டிக் தோட்டத்துக்கு வரும் இந்தச் செடியின் பெயர் ஒரு கால்பந்து மைதானத்தின் பெயர். உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் அணியின் சொந்த மைதானம் மோலினியூ, அவர்கள் சட்டையும் பொன்னிறம். தி போயட்ஸ் வைஃப் என்ற ரகமும் குட்டையாக, உருண்டையாக வளரும். பெயர்ப் பொருத்தம் முக்கியம் என்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

வளைவிலோ சுவரிலோ ஏற்ற எது நல்லது?

மூன்று இருக்கின்றன. தி பில்கிரிம் (1991) வெளிர் மஞ்சள், தட்டையான பூ, நூறுக்கும் மேற்பட்ட சிற்றிதழ்கள், பத்துப் பன்னிரண்டு அடிவரை ஏறும். டீசிங் ஜார்ஜியா அதைவிடக் கொஞ்சம் அடர்த்தியான நிறம். மால்வர்ன் ஹில்ஸ் சிறு பூக்கள் பெரும் கொத்துகளாக வரும் படர்ரோஜா. படர்ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒருமுறைதான் பூக்கும், இது மறுபடியும் பூக்கும். பெரிய பந்தலுக்கு இது, வாசல் வளைவுக்கு முதல் இரண்டும்.

எந்தக் கொடி ரோஜாவானாலும் தண்டை நேராக மேலே ஓட விடக்கூடாது. நட்டுக்குத்தலாக நிற்கும் தண்டில் உச்சி மொட்டுதான் ஓங்கி வளரும், கீழ்க்கணுக்கள் தூங்கும். தண்டைப் படுக்கைவாக்கில் வளைத்துக் கட்டினால் ஒவ்வொரு கணுவும் துளிர்த்துப் பூக்கும். வளைவின் தூணைச் சுற்றிச் சுருளாகக் கட்டினாலும் இதே பலன்.

பூ தலை கவிழ்ந்து தொங்குகிறதே, செடியில் ஏதாவது குறையா?

குறை இல்லை. பூ கனம், காம்பு மெல்லிசு. இங்கிலீஷ் ரோஜாக்களில் பலவற்றின் அழகே அதுதான். செடி புதிதாக இருக்கும்போது தண்டுகள் இளசாக இருப்பதால் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கும், இரண்டு மூன்று வருடத்தில் தேறிவிடும்.

ஆனால் எங்கே நடுகிறோம் என்பது முக்கியம். தொங்கும் பூவைத் தலைக்கு மேலே ஏற்றுங்கள்: வளைவுக்குக் கீழே நடப்பவரை அது குனிந்து பார்க்கும். இடுப்புயரத்துக்குக் கீழே நட்டால் பூவின் முதுகைத்தான் பார்க்க முடியும். தாழ்ந்த பாத்திக்கு மோலினியூ மாதிரி பூவை நிமிர்த்திப் பிடிக்கும் ரகம் வேண்டும்.

எந்த மஞ்சளில் வாசனை அதிகம்?

மஞ்சள் இங்கிலீஷ் ரோஜாக்களில் பலவற்றுக்குத் தேயிலை வாசனை. சீனாவிலிருந்து வந்த மஞ்சள் டீ ரோஜாக்களின் வழியில் இறங்கியது. புதிதாகப் பிரித்த தேயிலைப் பொட்டலத்தை முகர்வது போன்ற வாசம், அத்தர் வாசனை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். கோல்டன் செலிப்ரேஷன் பூ விரியும்போது தேயிலை மணம் தந்து, முதிர முதிரப் பழவாசனைக்கு மாறும். ஸ்ட்ராபெரி, இனிப்பு ஒயின் என்று வர்ணிப்பார்கள். ஜூட் தி அப்ஸ்கியூர் என்ற வெளிர் ஆப்ரிகாட் மஞ்சள் ரகத்துக்குக் கொய்யா வாசனை, நின்று முகர வைக்கும். மழை மிகுந்த இடத்துக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உள்நோக்கிக் குவிந்த பூ, நனைந்தால் விரியாமலே அழுகிவிடும்.

மிர் என்று ஒரு வாசனை நாற்றங்கால்களின் விற்பனைப் பட்டியல்களில் வரும். சோம்புச் சாயல் உள்ளது. வொல்லர்டன் ஓல்ட் ஹாலில் அது பலமாக இருக்கும், தி பில்கிரிமில் தேயிலையோடு கலந்திருக்கும். இந்த வாசனையில் நடுநிலை கிடையாது. பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், பிடிக்காதவர்கள் மருந்து நெடி என்பார்கள். வாங்கும் முன் ஒரு பூவையாவது முகர்ந்துவிடுங்கள்.

முதல் நாள் நல்ல மஞ்சள், மூன்றாம் நாள் வெள்ளை. ஏன்?

ரோஜாவில் மஞ்சள் நிறத்தைத் தருவது கரோட்டினாய்டு நிறமிகள். பலத்த வெயிலில் அவை சிதைந்துபோகும். வெளியிதழ்கள் முதலில் விரிவதால் முதலில் வெளுப்பதும் அவையே. வெப்பம் கூடினால் இது வேகமாகும், பூவும் சிறுக்கும்.

கிரகாம் தாமஸும் கோல்டன் செலிப்ரேஷனும் நிறத்தை ஓரளவு தாங்கிப்பிடிக்கும். மற்றவற்றுக்குப் பிற்பகல் நிழல் விழும் இடம் உதவும். ஆனால் நாளுக்கு நாலு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும், அதற்குக் கீழே போனால் பூ குறையும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெளுப்பதை நான் குறையாகவே நினைப்பதில்லை. ஒரே புதரில் மொட்டு அடர்ந்தும், விரிந்தது நடுத்தரமாகவும், உதிரப்போவது பாலாடை நிறத்திலும் இருப்பதுதான் ரொமான்டிக் தோட்டத்துக்குப் பொருத்தம். ஒரே அச்சில் வார்த்த மஞ்சள் வேண்டுமென்றால் நவீனப் பாத்தி ரோஜாக்கள் இருக்கவே இருக்கின்றன.

பக்கத்தில் எதை நடலாம்? இளஞ்சிவப்பு ரோஜாவோடு சேருமா?

முதல் துணை நீலமும் ஊதாவும். கேட்மின்ட், லாவெண்டர், சால்வியா, கேம்பனூலா, நீண்ட நாள் பூக்கும் ரோஸான் என்ற நீல ஜெரேனியம், எல்லாமே மஞ்சளோடு நிற்கும், ரோஜாவின் வெறுங்காலையும் மறைக்கும். பின்வரிசைக்கு டெல்ஃபினியமும் ஃபாக்ஸ்குளோவும். கூர்ந்த கதிர்கள் உருண்டையான ரோஜாப் பூக்களுக்கு நல்ல எதிர்வடிவம். கொடி ரோஜாவோடு ஊதா கிளெமாட்டிஸை ஏற்றிவிட்டால் ரோஜா ஓய்ந்திருக்கும் வாரங்களை அது நிரப்பும். அல்கெமில்லாவின் பச்சைமஞ்சள் நுரைப்பூக்களைப் பாதை ஓரத்தில் விட்டால் மஞ்சளின் காரம் கொஞ்சம் தணியும்.

சரி, இளஞ்சிவப்பு. நீலம் கலந்த குளிர்ந்த இளஞ்சிவப்பும் அடர் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சண்டைதான். இரண்டும் வேண்டுமென்றால் நடுவில் பாலம் போடுங்கள்: வெளிர் மஞ்சள், பிறகு ஆப்ரிகாட், பிறகு பீச் கலந்த இளஞ்சிவப்பு என்று படிப்படியாகப் போகலாம். அப்புறம் வெள்ளை. தூய வெள்ளை ரோஜா பக்கத்தில் வந்தால் வெளிர் மஞ்சள் அழுக்கேறியதுபோல் தெரியும், பாலாடை வெள்ளை என்றால் பிரச்சினை இல்லை.

மஞ்சள் ரோஜாவுக்கு நோய் அதிகம் வரும் என்பது உண்மையா?

ஒரு காலத்தில் உண்மை. அதற்கு ஒரு வம்சக் கதை இருக்கிறது. ரோஜாக்களில் அழுத்தமான மஞ்சள் நிறம் பெரும்பாலும் பெர்ஷியன் எல்லோ என்ற ஒரு மூதாதையிலிருந்து வந்தது. 1837-இல் சர் ஹென்றி வில்லாக் அதை பெர்சியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். லியோன் நகரத்துப் பெர்னே டூஷே அதைக் கலப்பில் பயன்படுத்தி 1900-இல் சோலெய் டோர் என்ற ரகத்தை வெளியிட்டார். நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும் குணமும் சேர்ந்தே இறங்கியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் கலந்து கலந்து அந்தக் குணத்தைக் குறைத்திருக்கிறார்கள். கிரகாம் தாமஸுக்கு ஈரப்பதம் மிகுந்த இடங்களில் கரும்புள்ளி இன்றும் வரும். தி போயட்ஸ் வைஃப், வனெஸ்ஸா பெல் போன்ற பிந்தைய ரகங்கள் திடமானவை.

காலையில் வேரடியில் தண்ணீர் விடுங்கள், இலையை நனைக்க வேண்டாம். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள், நோயின் வித்துகள் அங்கேதான் தங்கும். செடிகளுக்கிடையே காற்று நுழையட்டும்.

வெளிர்நிறப் பூக்களை இலைப்பேன் தேடி வரும். இதழ் ஓரம் பழுப்பேறி மொட்டு விரியாமல் நின்றால் அதுதான் காரணம். பாதிக்கப்பட்ட மொட்டுகளைக் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

நடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

மூன்று செடியை ஒரே ரகத்தில் வாங்கி, ஒன்றுக்கொன்று 45 செ.மீ. விட்டு முக்கோணமாக நட்டால் ஒரே பெரும்புதராகத் தெரியும். ரொமான்டிக் தோட்டத்துக்கு இது மூன்று ரகங்களை ஒவ்வொன்றாக நடுவதைவிட எவ்வளவோ மேல்.

மண் இல்லாத வேர்ச்செடி என்றால் இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு நடுங்கள். குளிர் கடுமையான இடங்களில் ஒட்டுக்கட்டிய பகுதி மண்ணுக்கு 5 செ.மீ. கீழே போகட்டும், வெப்பமான ஈரமண்ணில் மண்மட்டத்துக்கு மேலேயே இருக்கலாம். பல வருடம் ரோஜா இருந்த குழியில் மறுபடி ரோஜா வைத்தால் சரியாக வளராது. வேறு இடம் இல்லையென்றால் அந்த மண்ணை அள்ளிவிட்டுப் புது மண் நிரப்ப வேண்டும். மேலே மக்கிய எருவால் மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல்.

கவாத்து எப்போது, எவ்வளவு?

குளிர்காலம் முடியும் தறுவாயில், புதுத் தளிர் கிளம்பும் முன். மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைத்தால் போதும். கடை ரோஜாக்களைப்போல் ஒட்ட வெட்டினால் வளைந்து தொங்கும் உருவமே வராது, ரொமான்டிக் தோட்டங்களைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி கத்தரிக்கோல்தான். வாடிய பூக்களை மட்டும் அவ்வப்போது கிள்ளிவிடுங்கள், அடுத்த சுற்றுப் பூ சீக்கிரம் வரும். டாட்டரிங் பை ஜென்ட்லி போன்ற ஒற்றையடுக்கு ரகங்களில் கடைசிச் சுற்றைக் கிள்ளாமல் விட்டால் ஆரஞ்சு நிறக் காய்கள் பிடிக்கும். தேனீக்களும் இந்த ஒற்றை மஞ்சள் பூக்களைத்தான் தேடி வரும்.

வெப்பமான இடத்தில் உயரக் கணக்கு மாறுமா?

நிறைய மாறும். விற்பனைப் பட்டியலில் உள்ள அளவுகள் இங்கிலாந்தின் குளிர்ச்சிக்கு எழுதியவை. வெப்பமான இடங்களில் கிரகாம் தாமஸ் புதராக நிற்க மறுத்துக் கொடியாகவே ஓடும். அதோடு மல்லுக்கட்டாமல் ஒரு தூணையோ வேலியையோ கொடுத்துவிடுங்கள். நீண்ட தண்டுகளை வளைத்து நுனியைத் தரையோரம் முளையடித்துக் கட்டினாலும் நீளமெங்கும் பூக்கும்.

பறித்துக் குவளையில் வைத்தால் எத்தனை நாள் இருக்கும்?

மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து. பாதி விரிந்த பூவை அதிகாலையில் வெட்டுங்கள். கடையில் கிடைக்கும் நீண்டநாள் தாங்கும் ஆஸ்டின் பூக்கள் கொய்மலருக்கென்றே உருவாக்கிய தனி வரிசை, தோட்டச் செடிகளிலிருந்து வருபவை அல்ல.

வாங்கும் செடி சொன்ன ரகம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அட்டையில் விற்பனைப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருக்கும். ஆஸ்டின் பண்ணையின் ரகங்களில் அது 'ஆஸ்' என்று தொடங்கும்: கிரகாம் தாமஸுக்கு ஆஸ்மாஸ், கோல்டன் செலிப்ரேஷனுக்கு ஆஸ்கோல்ட், மோலினியூவுக்கு ஆஸ்மோல். விற்பனைப் பெயர் நாட்டுக்கு நாடு மாறலாம், இது மாறாது. பண்ணை அவ்வப்போது பழைய ரகங்களைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதால், தேடும் ரகம் அங்கே இல்லையென்றால் மற்ற நாற்றங்கால்களில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.